‘வேண்டாம்’ கிண்ணத்தில் விழுந்த புதுச் சீப்பு

ஏழுமலை அந்தச் சீப்பை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தான். கல்யாண மண்டபத்து ட்யூப் லைட் வெளிச்சத்தில் அது பளபளவென்று மின்னியது. எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, பல்லிடுக்கில் ஒரு முடி இல்லை.

“யாருப்பா இது, புது மாப்பிள்ள சீப்பு?” என்று கேட்டான்.

மண்டபமே சிரித்தது. சிரிக்காமல் இருந்தால் சந்தேகம் வருமே என்று நானும் சிரித்தேன். பயத்தில் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்துவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

ஏழுமலை சீப்பைத் திருப்பினான். பின்பக்கம் விலைச் சீட்டு ஒட்டியிருந்தது. அதில் ஃபேன்ஸி ஸ்டோரின் பெயரும் இருந்தது. அந்த ஃபேன்ஸி ஸ்டோர் செஞ்சி பஜாரில் என் சலூனுக்கு இடது பக்கம், சுவரோடு சுவர்.

மண்டபத்திலிருந்த தலைகள் எல்லாம் என் பக்கம் திரும்பின. தலைகளைப் பார்த்தே பிழைக்கிறவன் நான். அத்தனை தலைகள் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

ரகசிய ஓட்டு

சீப்பு எப்படி ஓட்டானது என்று சொல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது.

எங்கள் சலூன்காரர்கள் சங்கம் மாநிலம் முழுக்க இருக்கிறது. அதை ஆரம்பித்த காலத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. அதனால் எதை முடிவு செய்வதென்றாலும் சீப்பு ஓட்டுதான். ஒரு திரை கட்டி, அதற்குப் பின்னால் இரண்டு சவரக் கிண்ணம் வைப்பார்கள். ஒன்று ‘வேணும்’, இன்னொன்று ‘வேண்டாம்’. அவனவன் தன் சீப்பைக் கொண்டுபோய் ஒன்றில் போட்டுவிட்டு வர வேண்டும்.

இதில் ஒரு கோளாறு உண்டு. யார் சீப்பு எது என்று எங்கள் ஆட்களுக்கு அத்துப்படி. என் சீப்பு ஆமை ஓட்டு நிறம், நடுவில் பல் போனது. செஞ்சியில் யாரைக் கேட்டாலும் “அது சேகர் சீப்பு” என்பார்கள். அதுவும் போகட்டும். எண்ணி முடித்ததும் அவனவன் எழுந்து வந்து தன் சீப்பைத் தானே எடுத்துக்கொள்ள வேண்டும். யார் எந்தக் கிண்ணத்தில் கை விடுகிறான் என்று சங்கமே பார்த்துக்கொண்டிருக்கும். இதற்கு எங்களிடம் பெயர், ரகசிய ஓட்டு.

இப்போது எல்லோரும் படித்தவர்கள்தான். ஆனாலும் வழக்கத்தை விடவில்லை.

அன்றைய ஓட்டு, வருஷத்தில் ஒரு நாளை ‘சம நாற்காலி நாள்’ என்று அறிவித்து, தமிழ்நாட்டில் உள்ள எல்லா சலூனுக்கும் விடுமுறை விடலாமா என்பது. வேலையாட்களுக்குச் சம்பளத்தோடு லீவு. யாராக இருந்தாலும் ஒரே நாற்காலியில் உட்காரலாம் என்ற உரிமை வந்த கதையை மறக்காமல் இருக்க ஒரு நாள். எங்களுக்குக் கடை லீவு செவ்வாய்க்கிழமை. அதனால் ஒரு செவ்வாயில் எல்லா ஊர்க் கிளையிலும் ஒரே நேரத்தில் சீப்புப் போட ஏற்பாடு.

நல்ல காரியம். எனக்கும் தெரியும். ஆனால் அந்த நாள் ஏழுமலையின் நாள்.

எதிர்க் கடை

இந்தப் பத்திரிகையில் நான் எழுதிவரும் தொடரில் இதுவரை அவன் பெயர் நாலைந்து தரம் வந்திருக்கும். “யார் அந்த ஏழுமலை, எப்போது பார்த்தாலும் குத்திக்கொண்டே இருக்கிறீர்களே?” என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். இதோ சொல்கிறேன் அம்மா.

ஏழுமலை என் வயசுக்காரன். முதலில் அவன் கடை அவலூர்பேட்டை பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். இன்றைக்கு அங்கே எல்லோரும் பரவாயில்லாமல் இருக்கிறார்கள். அப்போது அந்த ஊர் சலூனில் காலனிக்காரர்களுக்கு முடி வெட்டக் கூடாது. வெட்டிக்கொள்ள வேண்டுமானால் அவர்கள் பஸ் ஏறி செஞ்சிக்கு வர வேண்டும். எங்களைத் தொட்டால் தலை முழுகுகிற ஊர்ப் பெரியவர்கள்தான், நாங்கள் யாரைத் தொடக் கூடாது என்பதையும் சொல்லிவைத்திருந்தார்கள்.

ஒரு நாள் காலையில் காலனியிலிருந்து தங்கவேலு வந்தார். கரண்ட் ஆபீசில் அப்போதுதான் வேலை கிடைத்திருந்தது அவருக்கு. யாரையும் கேட்கவில்லை. நேராக வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

ஏழுமலை வெட்டினான்.

பொழுது சாய்வதற்குள் அவன் நாற்காலி ஏரித் தண்ணீரில் கிடந்தது. கண்ணாடி தூள். அவன் கத்திப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு செஞ்சிக்கு வந்தான். பஜாரில் எத்தனையோ இடம் காலியாக இருந்தது. அவன் பிடித்தது என் கடைக்கு நேர் எதிர்க் கடை.

அன்றிலிருந்து எனக்கு வயிறு சரியில்லை.

நீங்களே சொல்லுங்கள். நான் கத்தி பிடித்த நாளிலிருந்து பஸ்ஸை விட்டு இறங்கி வருகிற எல்லோருக்கும்தான் வெட்டுகிறேன். எந்த ஊர், எந்தத் தெரு என்று ஒருத்தரைக் கேட்டதில்லை. டவுனில் யாரும் கேட்கவும் மாட்டார்கள். அதற்காக என் கழுத்தில் யாரும் மாலை போடவில்லை. ஏழுமலை ஒரு தலையை வெட்டினான், ஊர் ஊராக மேடை. என் நாற்காலியை யாரும் ஏரியில் தூக்கிப் போடவில்லையே என்று ஒரு மனுஷன் ஏங்குவானா? நான் ஏங்கினேன்.

அவன் குரல் கணீரென்று இருக்கும். நான் மைக்கைப் பார்த்தாலே பின்வாசலைத் தேடுவேன். அவன் கடையில் காலேஜ் பையன்கள் வரிசையில் நிற்பார்கள், என் கடையில் பேப்பர் படிக்க வருகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவன் கிளைச் செயலாளர் ஆனான். ஏசி போட்டான். அவனுக்குத் தலையில் இன்னும் கருப்பாக முடி இருக்கிறது, அதைப் பற்றி நான் எழுதவே போவதில்லை.

இத்தனைக்கும் அவனுக்கு சவரம் செய்கிறவன் நான்தான். எங்கள் தொழிலில் அவனவன் தலையை அவனவன் வெட்டிக்கொள்ள முடியாது. எதிரெதிர்க் கடைக்காரர்கள் செவ்வாய்க்கிழமையில் ஒருத்தருக்கு ஒருத்தர் செய்துகொள்வதுதான் வழக்கம். அவன் என் நாற்காலியில் சாய்ந்து, கழுத்தை நீட்டிக் கொடுத்துவிட்டு, குறட்டை விட்டுத் தூங்குவான். அவ்வளவு நம்பிக்கை. பொறாமையை வைத்துக்கொண்டு கத்தி பிடிப்பது சாதாரணக் காரியம் இல்லை. கை நடுங்கினால் அவனுக்கு ரத்தம் வரும், எனக்குக் கெட்ட பேர் வரும்.

எல்லாவற்றையும்விட எனக்கு எரிவது வேறொன்று. தங்கவேலு சார் வருஷா வருஷம், தான் போய் உட்கார்ந்த அந்த நாளில் தன் காலனிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் செஞ்சிக்கு வருவார். புதுத் துணி உடுத்திக்கொண்டு, திருவிழாவுக்கு வருகிற மாதிரி வருவார்கள். ஒவ்வொருத்தராக ஏழுமலை நாற்காலியில் உட்கார்ந்து முடி வெட்டிக்கொள்வார்கள். முடிந்ததும் எல்லோருக்கும் மிக்சர், கலர். சங்கத்துக்கு அந்த நாளைப் பற்றித் தெரிவதற்கு முன்பே அவர்கள் அதைக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள்.

அவன் கடைக்குப் போக என் கடை வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டிப் போவார்கள். என் நாற்காலி காலியாக இருக்கும்.

கிழிந்த பக்கங்கள்

நான் எட்டாவதோடு நின்றவன். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்கு எழுத்து நகரும். மற்றவர்கள் வாசிக்கும்போது என் முறை எப்போது வரும் என்று எண்ணியே வியர்த்துப் போவேன். அந்தச் சமயத்தில் நைனாவுக்குக் கண் மங்கியது, கடையில் ஆள் தேவைப்பட்டது. அழாமல், சொல்லப் போனால் சந்தோஷமாக, கத்தியை வாங்கிக்கொண்டேன்.

படிக்கக் கற்றுக்கொண்டது கடையில்தான். காத்திருக்கிறவர்களுக்காக வாங்கிப் போடும் வாரப் பத்திரிகைகளை, ஆள் இல்லாத நேரத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தேன். நல்ல பக்கங்களை யாராவது கிழித்துக்கொண்டு போயிருப்பார்கள். எத்தனையோ தொடர்கதைகளின் முடிவு எனக்கு இன்றுவரை தெரியாது. அதனால்தானோ என்னவோ, எந்தக் காரியத்தை ஆரம்பித்தாலும் இது எப்படி முடியுமோ என்று ஒரு கவலை.

என் கவலைகளைச் சொன்னால் பக்கம் போதாது. கோட்டை மலையில் அந்தப் பாறைகள் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருக்கிறதே, டூரிஸ்டுகள் அதைப் பார்த்து ஆச்சரியப்படுவார்கள். நான் அது எப்போது உருளும் என்று பார்ப்பேன். கடையைப் பூட்டினால், பாதி வழி போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன்.

அப்படிப்பட்டவனிடம் போய் ஒரு உண்மை மாட்டிக்கொண்டது.

மூடின கடை

ஓட்டெடுப்புக்குக் கொஞ்ச நாள் முன்னால், மாவட்டக் கமிட்டி என்று ஏழுமலை விழுப்புரம் போயிருந்தான். தங்கவேலு சார் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து அவன் ஷட்டரைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு ரோட்டைக் கடந்து என் வாசலில் வந்து நின்றார். இப்போது ரிட்டயர் ஆகிவிட்டார். நெற்றிக்கு மேலே முடி ஏறிவிட்டது.

“தம்பி, சேர் ஃப்ரீயா இருக்குதா?”

காலையிலிருந்து ஃப்ரீதான். ஆனாலும், “ஒக்காருங்க சார், இப்பதான் ஒருத்தர் எழுந்து போனாரு” என்றேன்.

அவரை என் நாற்காலியில் உட்காரவைத்துத் துணி போர்த்தியபோது எனக்கு ஏதோ பரிசு கிடைத்த மாதிரி இருந்தது. வாய் சும்மா இருக்குமா?

“சார், விஷயம் தெரியுமா? ஒங்க நாளுக்கு லீவு உடப் போறோம்.”

“எங்க நாளா?”

“நீங்க ஏழுமல கடையில போய் ஒக்காந்தீங்களே, அந்த நாளு சார். மாநிலம் பூரா ஓட்டு. ஜெயிச்சா வருஷா வருஷம் அன்னைக்கு எல்லா சலூனையும் மூடிடுவோம்.”

கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார். “மூடிடுவீங்களா?”

“ஆமா சார். மரியாதைக்கு.”

அவர் சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கியது. நான் கத்திரியை எடுத்துவிட்டு நின்றேன்.

“கட மூடியிருக்கறது எங்களுக்குப் புதுசா தம்பி? அன்னைக்கும் எங்களுக்கு மூடித்தான் இருந்துச்சு. நா போய் ஒக்காந்ததே தொறக்கத்தான். இப்ப அதே நாள்ல ஊரு பூரா மூடுவீங்களா? இதுக்குப் பேரு மரியாதையா?”

எங்கள் தொழிலில் மரியாதை என்றால் ஷட்டரை இறக்குவதுதான். சங்கத்தில் யாராவது செத்தால் மூடுவோம், தலைவர் செத்தால் மூடுவோம். வேறு விதமாக யோசிக்க எங்களில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை.

“ஏழுமலகிட்ட சொல்லலாமே சார்.”

“எப்புடிச் சொல்றது? எனக்கு வெட்டனதுக்காக சேர் ஏரியில போனவன் அவன். அவனுக்கு மால போடப் போறாங்க, நா போய் குறுக்க நிக்கறதா? நீயும் எம் பேர இழுத்துடாத. என்னா, பேத்திதான் கேட்டுகினே இருக்கா. இந்த வருஷம் அவளுக்கு பாப் கட்டிங் வேணுமாம். அன்னைக்கு செஞ்சி போலாம்னு சொல்லி வெச்சிருக்கேன்.”

அவர் போன பிறகு எனக்குள் ஒரு சந்தோஷம் கிளம்பியது. ஏழுமலை தப்பு செய்கிறான்! அவன் நாளிலேயே தப்பு! அந்தச் சந்தோஷத்தைக் கண்டதும் உடனே கவலை வந்தது. தங்கவேலு சார் சொன்னது நியாயம் என்பதால் சந்தோஷமா, ஏழுமலை சறுக்கினான் என்பதால் சந்தோஷமா?

வீட்டுக்கு வந்து என் மனைவி விஜயாவிடம் சொன்னேன்.

“நியாயந்தான்” என்றாள். “ஆனா நீ சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க.”

“ஏன்?”

“ஏழுமல அண்ணன் ஏசி போட்டப்ப, ஏசி காத்து பட்டா முடி கொட்டும்னு ஊரெல்லாம் சொன்ன ஆளுதான நீ?”

அது நான் எங்கேயோ படித்தது. கிழிந்த பக்கத்தில் மீதி இருந்திருக்கலாம்.

எழுந்து பேசத் தைரியம் இல்லை. அந்த நாளில் கடையை மூடுவதற்கு ஓட்டுப் போடவும் மனசு வரவில்லை. என் சீப்பைப் போட்டால் தெரிந்துவிடும். அதனால்தான் பக்கத்து ஃபேன்ஸி ஸ்டோரில் புதுச் சீப்பு வாங்கினேன். எடுக்கப் போகாமல் அதைக் கிண்ணத்திலேயே விட்டுவிடலாம் என்பது என் கணக்கு. எல்லாவற்றையும் யோசித்த நான், பின்பக்கச் சீட்டைக் கிழிக்க யோசிக்கவில்லை.

திரும்பவும் மண்டபம்

“சேகரு, ஒன்னுதா?” என்று ஏழுமலை கேட்டான். குரலில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டம்.

எழுந்து நின்றேன். எட்டாம் வகுப்பில் எழுந்து நின்ற மாதிரியே இருந்தது. “என்னுதுதான்.”

“ஃபயர் சர்வீஸுக்கு போன் போடுங்கப்பா, ஒருத்தருக்கு வயிறு எரியுது” என்று பின்வரிசையிலிருந்து பாபு கத்தினான். அவலூர்பேட்டையில் கடை வைத்திருப்பவன், ஏழுமலைக்கு வலது கை. மண்டபம் மறுபடி சிரித்தது.

“எரிச்சல் இல்ல பாபு” என்றேன். பொய். “அன்னைக்கு கட மூடக் கூடாதுன்றேன். அன்னைக்குத்தான் தொறந்து வெக்கணும். ஒக்கார வுடாததுக்குத்தான அவ்ளோ சண்ட? ஒக்கார வர்றவங்க வந்து பூட்டப் பாத்துட்டுப் போவணுமா?”

யாரோ ஒருத்தர் தலையை ஆட்டினார் என்றுகூட நினைத்தேன்.

பாபு விடவில்லை. “அப்ப வேலையாளுங்களுக்கு லீவு வாணாவா? ஒரு நாளு ரெஸ்ட் கெடைக்குதுன்னா ஒனக்கு இன்னா போவுது? ஒங் கடையில வருஷம் பூரா ரெஸ்ட்டுதான், அதனால சொல்ற.”

இந்தச் சிரிப்பு அடங்கவே நேரம் பிடித்தது. ஏழுமலை கையைத் தூக்கி எல்லோரையும் அமர்த்தினான்.

“வுடுங்கப்பா. சேகரு மனசுல பட்டத சொன்னான். சொல்றதுக்கு அவனுக்கு உரிம இருக்குது.” பிறகு என்னைப் பார்த்து, “தங்கவேலு சார வுட்டுடுவேனாடா? அன்னைக்கு விழுப்புரத்துல நடக்கப் போற விழாவுல எனக்குப் பக்கத்துலயே அவருக்கும் சேரு. அவருக்கும் சால்வ” என்றான்.

அவர் கேட்டது மேடையில் சேர் இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். பெயரை இழுக்காதே என்றது ஞாபகம் வந்தது. உட்கார்ந்துவிட்டேன். என்னைத் திட்டியிருந்தால்கூட அன்று ராத்திரி தூங்கியிருப்பேன். என் பேச்சுரிமையை அவன் காப்பாற்றிக் கொடுத்ததை என்னால் தாங்க முடியவில்லை.

சாயங்காலத்துக்குள் ஊர் ஊராகப் போன் வந்தது. ஏழுமலை ஸ்பீக்கரில் போட்டான். தெற்கே இருந்து, மேற்கே இருந்து, மெட்ராஸிலிருந்து, எல்லாம் ‘வேணும்’. மாநிலம் முழுக்க ‘வேண்டாம்’ கிண்ணம் ஒன்றிரண்டு ஊரில்தான் சத்தம் போட்டதாம். பாபு வாசலில் பட்டாசு வெடித்தான்.

சீப்புகளை எடுத்துக்கொள்ளும் நேரம் வந்தது. எல்லோரும் பார்க்க நான் போய், ‘வேண்டாம்’ கிண்ணத்திலிருந்து தனியாக ஒன்றை எடுத்தேன். அன்றிலிருந்து பஜாரில் எனக்குப் புதுச்சீப்பு என்று பெயர்.

பூட்டைப் பார்க்கப் போனவன்

முதல் சம நாற்காலி நாள் வந்தது. நல்ல வெயில். கடையைத் திறந்தால் சங்கத்திலிருந்து நீக்கம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். நீக்கினால் வேலைக்கு ஆள் கிடைக்காது. அதைவிட, நான் செத்தால் எனக்காக ஒரு கடைகூட மூட மாட்டார்கள். இதெல்லாம் எனக்கு முன்னாடியே தோன்றும்.

லீவு நாளில் பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. பஜாருக்குப் போனேன். சலூன்கள் எல்லாம் மூடிக் கிடந்தன. ஏழுமலை கடை ஷட்டரை மறைத்து ஒரு பேனர். அதில் ஏழுமலை ஆள் உயரத்துக்குக் கை கூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தான். எனக்குப் பூட்டு சரியாக இருந்தது, மனசு சரியாக இல்லை.

கிளம்ப வேண்டியதுதான் என்று திரும்பும்போது அவர்கள் வந்தார்கள்.

தங்கவேலு சார் முன்னால். பின்னால் பிள்ளைகள், பெரியவர்கள், செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி அவருடைய அக்கா மகன். பேத்தி ரிப்பன் கட்டி, அவர் விரலைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நேராகப் போய் அந்தப் பேனருக்கு முன்னால் நின்றார்கள்.

“தாத்தா, படத்துல இருக்குறாரே, இவருதான வெட்டுவாரு? ஆளு எங்க?” என்று பேத்தி கேட்டாள்.

“அவரு விழாவுக்குப் போயிட்டாரும்மா.”

“நமக்கு?”

நான் பக்கத்தில் போனேன். “சார், நீங்க விழுப்புரம் போவலியா? மேடையில ஒங்களுக்கு சேரு போட்டிருக்குறாங்களே.”

“கூப்ட்டான் தம்பி. புள்ளைங்க செஞ்சிக்குத்தான்னு ஒரே அடம். சரி, பூட்டுன கடையாவது பாக்கட்டும், நாங்கெல்லாம் பாத்து வளந்ததுதானன்னு கூட்டிகினு வந்தேன்.”

அவர் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பெரியவர்களில் ஒருத்தரும் சிரிக்கவில்லை.

சாவி என் கையிலேயே இருந்தது. நான் தைரியசாலி இல்லை என்று இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். சாவி பூட்டுக்குள் போகாமல் சுற்றிச் சுற்றிக் கீறியது. சங்கம், பாபு, என் சாவுக்கு மூடாத கடைகள், எல்லாம் கண்ணில் வந்து போயின. கூடவே இன்னொன்றும் வந்தது. இன்றைக்கு இவர்கள் உட்கார்ந்தால் என் நாற்காலியில்தான் உட்கார வேண்டும்.

ஷட்டர் ஏறிய சத்தத்துக்கு பஜாரே திரும்பிப் பார்த்தது.

“ஒக்காருங்க” என்றேன்.

ஒவ்வொருத்தராக உட்கார்ந்தார்கள். என் கடையில் வரிசை! வாசல் வரைக்கும்! எதிரே பேனரில் ஏழுமலை கை கூப்பிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வேலையை நான் ரசித்துச் செய்தேன், மறைக்க மாட்டேன். பேத்தி மட்டும் என்னிடம் உட்கார மாட்டேன் என்றுவிட்டாள். படத்தில் இருக்கிறவர்தான் வேண்டுமாம்.

பஜாரிலிருந்து யாரோ போன் போட்டிருப்பார்கள். வெயில் தலைக்கு மேல் ஏறிய நேரத்தில் ஏழுமலையே வந்து இறங்கினான். தோளில் பட்டுச் சால்வை, நெற்றியில் சந்தனம், கழுத்தில் மாலை கிடந்த தடம். மேலெல்லாம் ரோஜா இதழ். அந்த நேரத்தில் என் நாற்காலியில் தங்கவேலு சார் இருந்தார், முகம் முழுக்க சோப்பு நுரை.

“இன்னாடா பண்ற?” என்றான் வாசலில் நின்று.

“சவரம்.”

வரிசையைப் பார்த்தான். பிள்ளைகளின் புதுத் துணியைப் பார்த்தான். நுரைக்குள்ளிருந்த முகத்தைக் கண்டுபிடிக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

“சார்... மேடையில ஒங்க சேரு காலியாவே இருந்துச்சே சார்.”

“இங்கயும் காலியாத்தாம்பா இருந்துச்சு” என்றார் அவர்.

ஏழுமலை எதிரே தன் கடை ஷட்டரையும், அதை மறைத்துச் சிரித்த தன் படத்தையும் திரும்பிப் பார்த்தான். அவன் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை. எத்தனை நாள் ஆசைப்பட்டிருப்பேன் அதைப் பார்க்க! பார்த்தபோது எதிர்பார்த்த அளவுக்கு நன்றாக இல்லை.

“படத்துல இருக்கிற தாத்தா வந்துட்டாரு!” என்று பேத்தி கத்தினாள்.

தாத்தா என்றது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அவன் சால்வையைக் கழற்றி என் ஆணியில் மாட்டினான். என் அலமாரியிலிருந்து என் கத்திரியை எடுத்தான். பக்கத்து நாற்காலியில் பலகை வைத்துப் பேத்தியைத் தூக்கி உட்காரவைத்தான். கேட்கவே இல்லை. அது அவன் கடை மாதிரி.

அவன் கத்திரியும் என் கத்தியும் பக்கத்தில் பக்கத்தில் வேலை செய்தன.

“டேய்” என்றான் மெதுவாக. “அன்னைக்கு மண்டபத்துல நீ சொன்னது வயித்தெரிச்சல்லதான?”

“ஆமா.”

“தெரியும். ஆனா சொன்னது சரிதான்டா.”

நான் கத்தியைத் துடைத்தேன். அவனே தொடர்ந்தான்: “அடுத்த மாநிலக் கூட்டத்துல நா சொல்றேன். லீவு வேற நாள்ல வுடலாம். இந்த நாள்ல கட தொறந்தே இருக்கணும்னு.”

“அது நா சொன்னதுடா!”

“நீ சொன்னா சிரிச்சாங்க. நா சொன்னா கை தட்டுவாங்க. உனுக்குக் கட தொறக்கணுமா, கை தட்டணுமா?”

இரண்டும் வேண்டும் என்று சொல்ல எனக்கு ஆசை. தங்கவேலு சார் நுரைக்குள்ளிருந்து ஒற்றைக் கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “தொறக்கணும்” என்றேன்.

அவன் சொன்னபடியே சொன்னான். கை தட்டினார்கள். அடுத்த சீப்பு ஓட்டில் அது ஜெயித்தது. என்னை நீக்குகிற பேச்சும் அதோடு போயிற்று. இப்போது அந்த நாளில் மாநிலம் முழுக்க சலூன்கள் திறந்திருக்கின்றன. மேடைகளில் அதை ஏழுமலை யோசனை என்கிறார்கள். நான் கண்டுகொள்வதில்லை என்று சொன்னால் விஜயா சிரிப்பாள்.

அன்றைக்கு நடந்ததில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. தங்கவேலு சாரின் அக்கா மகன் வாசலில் நின்று செல்போனில் குறி பார்த்தான். பேத்தியும் ஏழுமலையும்தான் அவனுக்கு வேண்டும். நடுவில் நான்.

“அண்ணா, கொஞ்சம் தள்ளுங்க. ஏழுமல அண்ணன் மறையறாரு.”

வாழ்க்கை முழுக்க, தள்ளு என்றால் தள்ளிவிடுகிறவன் நான். அன்றைக்கு என் கத்தி தங்கவேலு சார் தாடைக்குக் கீழே, கழுத்து நரம்புக்கு மேலே இருந்தது. அந்த இடத்தில் கத்தி வைத்தவன் அசையக் கூடாது.

“முடியாதுப்பா. கத்தி கழுத்துல இருக்குது.”

“அசையாத தம்பி” என்றார் தங்கவேலு சாரும், உதட்டை அசைக்காமல்.

அந்தப் படத்தை இந்த வாரம் பத்திரிகையில் போடுவதாக ஆசிரியர் சொல்லியிருக்கிறார். பார்த்துக்கொள்ளுங்கள். நுரையோடு சாய்ந்திருப்பவர் தங்கவேலு சார். படத்தை அடைத்துக்கொண்டு நிற்பது நான். எனக்குப் பின்னால் ஒரு காது தெரிகிறதே, அதுதான் ஏழுமலை.